ஆரஞ்சு நிறச் சம்பந்தி

குல்பாஷ் அக்காவின் உள்ளங்கை நிறம் மாறியதை முதலில் பார்த்தவள் நான்தான். அவள் என் கணவரின் அண்ணன் மனைவி. இரண்டு வீட்டுக்கும் ஒரே முற்றம். தன் மகன் தாவ்ரெனுக்குப் பேசியிருந்த பெண்ணுக்குத் தோடு போட்டு நிச்சயம் செய்யப் புறப்படும் நாளன்று காலையில், கதவைத் தட்டாமல் உள்ளே வந்து இரண்டு கைகளையும் என் மேசைமேல் விரித்து வைத்தாள். ஒரு மூட்டை கேரட் சீவிவிட்டுக் கழுவாமல் வந்தவள் கைபோல இருந்தன. முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பச் சொன்னேன். மூக்கைச் சுற்றியும் அதே ஆரஞ்சு. வெயிலின் வேலை என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தாளாம்.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. க்லாராவின் மாத்திரைகள்.

க்லாரா முன்பு கூட்டுறவுக் கடையில் இருந்தவள். கடை மூடியபின், ஆற்றோரத்து முட்புதர்களில் காய்க்கும் ஆரஞ்சு நிற ஷிர்கனாக் பழத்தை உலர்த்தி அரைத்து, கேப்ஸ்யூலில் அடைத்து விற்க ஆரம்பித்தாள். ரோஸ் பெட்டி முடி கொட்டுவதற்கு, பச்சைப் பெட்டி தோல் சுருக்கத்துக்கு. இரண்டிலும் இருப்பது ஒரே பொடிதான் என்று தெருவுக்கே தெரியும். இருந்தும் எல்லோரும் இரண்டையும் வாங்கினார்கள். கேட்டால், எது முடிக்குப் போகணும் எது முகத்துக்குப் போகணும் என்று உடம்புக்குத் தெரியும் என்பாள் க்லாரா.

பெண் பார்க்கப் போன அன்று, பெண்ணின் சித்தி அக்காவிடம் மிகுந்த மரியாதையோடு, நீங்கள் பையனுக்குப் பாட்டியா என்று கேட்டிருந்தாள். அன்று திரும்பி வந்ததிலிருந்து அக்கா மாத்திரை விழுங்கினாள். காலையில் ஒன்று, இரவில் ஒன்று என்று க்லாரா சொல்லியிருந்தாள். நாள் நெருங்குகிறதே என்று அக்கா அதைக் கைப்பிடி அளவாக மாற்றிக்கொண்டாள். அப்படியும் பெட்டி அவள் எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் காலியானது. நான்தான் எடுக்கிறேன் என்று நினைத்து, என் கன்னம் வரவரப் பளபளப்பதாக என்னைக் குத்திக்காட்டிக்கொண்டே இருந்தாள்.

க்லாராவுக்குப் போன் செய்தோம். அவள் மறுமுனையில் வயிறு வலிக்கச் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்தோம். பழத்தின் நிறம்தான் தோலில் ஏறியிருக்கிறது, நிறுத்தினால் தானாக இறங்கிவிடும், கண் வெள்ளையாக இருந்தால் பயமில்லை என்றாள். ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் பக்கத்து வீட்டுக்காரியும் கண்ணைப் பார்த்துவிட்டு அதையே சொன்னாள்.

உடம்புக்கு ஒன்றுமில்லை, சரி. ஆனால் நாங்கள் போகவிருந்த ஏரிக்கரை ஊரில் போன வசந்தத்தில்தான் மஞ்சள் காமாலை பரவியிருந்தது. தோடு போட்டதும் சம்பந்திகள் ஒருவருக்கொருவர் ஆட்டுக் கல்லீரலும் வால்கொழுப்பும் வெறுங்கையால் ஊட்டிக்கொள்ள வேண்டும். அந்தக் கவளம் தொண்டைக்குள் இறங்காதவரை தோடு வெறும் நகைதான். உறவு கிடையாது. காமாலைக் கை என்று நினைத்துவிட்டால் யார் வாயைத் திறப்பார்கள்? போனதும் உண்மையைச் சொல்லிவிடலாம் என்றேன்.

"சம்பந்தி வீட்டுல போய், நான் சின்னப் பொண்ணாட்டம் தெரியறதுக்கு மாத்திரை முழுங்கினேன்னு சொல்லச் சொல்றியாடி? அதுக்குக் காமாலையே தேவலாம்," என்றாள் அக்கா.

எனவே முகத்துக்குப் பவுடர், கைக்கு என் மகள் பள்ளி இறுதி விழாவில் போட்டிருந்த வெள்ளை லேஸ் கையுறை. காரை ஓட்டியது அக்காவின் கணவர் ஓரின்பேக். டிராக்டர் மெக்கானிக். வருஷம் முழுக்க எண்ணெயில் கறுத்திருக்கும் கைகளை அன்று தோல் உரியத் தேய்த்துக் கழுவிவிட்டு, குளிர் இல்லாத நாளிலும் தோல் கையுறை மாட்டியிருந்தார். அதைப் பற்றி யோசிக்க எங்களுக்கு நேரமில்லை. தாவ்ரென் பின் சீட்டில் தோட்டுப் பெட்டியை இரண்டு கையாலும் பிடித்தபடி, வழிநெடுக வானிலையைப் பற்றி மட்டும் பேசினான்.

வாசலில் பெண் வீட்டுப் பெண்கள் மாவுக் கிண்ணத்தோடு காத்திருந்தார்கள். வரும் சம்பந்திகள் முகத்தில் மாவு பூசாமல் உள்ளே விடமாட்டார்கள். மற்றவர்கள் எல்லாம் ஓடி ஒளிய, அக்கா மட்டும் தானாகப் போய் முகத்தை நீட்டினாள். கன்னத்தில் பூசினார்கள். நெற்றியைக் காட்டினாள். நெற்றியில் பூசினார்கள். மூக்கோரம் விட்டுப்போனதைத் தொட்டுக் காட்டினாள். இவ்வளவு கலகலப்பான சம்பந்தியை இந்தப் பக்கம் பார்த்ததே இல்லை என்று அவர்கள் சொல்லிச் சிரித்தார்கள்.

தோடு போடுவதும் நல்லபடியாக முடிந்தது. லேஸ் கையுறையோடு மணப்பெண் தோக்ஜானின் காதைத் தடவி அக்கா தோட்டை மாட்டியபோது, இது நகரத்துப் பழக்கம் போலிருக்கிறது என்று ஒரு பெண்மணி பக்கத்தில் இருந்தவளிடம் மெச்சினாள்.

அப்புறம் இறைச்சி வந்தது. இறைச்சிக்கு முன்னால் கை கழுவத் தண்ணீர்.

பெண்ணின் சித்தி செம்பும் தட்டும் துண்டுமாக வரிசையாக வந்தாள். அக்கா தன் கை சுத்தமாகத்தான் இருக்கிறது என்றாள். விருந்தாளி கையில் தண்ணீர் ஊற்றாமல் அந்த வீட்டில் யாரும் நகரமாட்டார்கள். கையுறை கழன்றது. செம்பிலிருந்து விழுந்த தண்ணீர் பாதியில் நின்றது. சித்தி அடுத்த ஆளிடம் போனாள். அடுத்த ஆள் ஓரின்பேக். கையுறை கழற்றிய அவர் உள்ளங்கையிலும் அதே ஆரஞ்சைப் பார்த்ததும் செம்பைத் தரையில் வைத்துவிட்டு நேராகப் பெண்ணின் அம்மா காம்ஷாத்திடம் போனாள். கல்லீரல் தட்டு வாசற்படியிலேயே நின்றுவிட்டது.

காம்ஷாத் பஸ் டிப்போ கேன்டீனில் சமையல்காரி. சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவள்.

"சம்பந்தியம்மா, தப்பா நினைக்காதீங்க. போன வசந்தத்துல எங்க பள்ளிக்கூடத்துல பாதிப் பிள்ளைங்க காமாலையில படுத்துருச்சு. நீங்க ரெண்டு பேரும் முதல்ல உடம்பைத் தேத்திக்குங்க. ஊட்டுறதைப் பனி விழுந்தப்புறம் வச்சுக்கலாம்."

தோக்ஜானின் கை தானாகக் காதுக்குப் போனது, தோட்டைக் கழற்றவா பிடித்துக்கொள்ளவா என்று தெரியாமல். தாவ்ரென் அம்மாவையே பார்த்தான். அக்கா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

அக்கா துண்டை எடுத்து முகத்திலிருந்த மாவை ஒரே இழுப்பில் துடைத்தாள். பவுடரும் சேர்ந்து போனது. அறையில் யாரோ மூச்சை உள்ளிழுப்பது கேட்டது.

"காமாலையும் இல்ல, ஒண்ணும் இல்ல. வயசு குறைச்சலாத் தெரியணும்னு ஷிர்கனாக் மாத்திரை தின்னேன். ஒண்ணு ரெண்டு இல்ல, கை நிறைய. கண்ணைப் பாருங்க," என்று கீழிமையை இழுத்துக் காட்டினாள்.

காம்ஷாத் அவளை முகவாயைப் பிடித்து ஜன்னலுக்கு இழுத்துப் போனாள். மீன் புதிதா என்று பார்ப்பதுபோல இரண்டு கண்ணையும் பார்த்தாள். வெள்ளைதான் என்று ஒத்துக்கொண்டாள். ஆனால் முகம் இளகவில்லை. அப்படியானால் சம்பந்திக்கு என்ன என்று கேட்டாள். அவருக்கு மாத்திரை மருந்து என்றாலே பிடிக்காது, என்னையே தினமும் கேலி செய்வார் என்று சொல்லிக்கொண்டே வந்த அக்கா, கணவரின் கையைப் பார்த்ததும் நிறுத்திவிட்டாள்.

எல்லோரும் ஓரின்பேக்கைப் பார்த்தார்கள். அவர் கூரையைப் பார்த்தார்.

"பச்சைப் பெட்டியை நான் தொடவே இல்ல. ரோஸ் பெட்டி மட்டும்தான்," என்றார் கடைசியில்.

யார் முதலில் சிரித்தது என்று இன்றுவரை தகராறு இருக்கிறது. சித்தி சிரிக்கிற சிரிப்பில் செம்பு உருண்டு தண்ணீர் கம்பளத்தில் ஓடியது. மாத்திரைத் திருடி என்று இவளை ஒரு மாதமாக வைதேனே என்று அக்கா என்னைக் கட்டிக்கொண்டு, மிச்ச மாவை என் சட்டையில் அப்பினாள். காம்ஷாத் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொள்ளப் பார்த்தாள். முடியவில்லை.

"முடியாவது முளைச்சுதா, சம்பந்தி?"

ஓரின்பேக் தொப்பியைக் கழற்றினார். வழுக்கையும் ஆரஞ்சு நிறத்தில், எண்ணெய் போட்டதுபோல மின்னியது. ஒரு முடிகூடப் புதிதில்லை. பெண்கள் சுற்றி நின்று விரலால் தொட்டுப் பார்த்தார்கள். அவர் பொறுமையாகக் குனிந்து கொடுத்தார். சுருக்கமாவது போனதா என்று ஒருத்தி கேட்க, சுருக்கம் அப்படியே இருக்கிறது, அதற்கு வண்ணம்தான் அடித்திருக்கிறது என்றாள் அக்கா. இவ்வளவையும் கேட்டபிறகு, அந்தச் சித்தி என்னைச் சமையலறைக்குக் கூட்டிப்போய், க்லாராவின் போன் நம்பரை ரகசியமாகக் கேட்டாள்.

நாங்கள் திரும்பி வந்தபோது கல்லீரல் தட்டு நடுவில் வந்திருந்தது. அக்கா ஒரு பெரிய துண்டை எடுத்து, மேலே கொழுப்பை வைத்து மடித்தாள். அந்த விரல்களுக்கு நடுவில் கல்லீரல் இன்னும் கறுப்பாகத் தெரிந்தது. கையை நீட்டினாள். காம்ஷாத் அவள் மணிக்கட்டைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்து, கண்ணை மூடாமல் வாயைத் திறந்தாள்.

மென்றாள். தொண்டை ஏறி இறங்கியது.

தாவ்ரென் துள்ளி எழுந்தான். அவன் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் மச்சினிமார், மாப்பிள்ளையைச் சீண்டும் வழக்கப்படி, அவன் கோட்டைத் தரையில் விரித்திருந்த நீள மெத்தையோடு சேர்த்துத் தைத்துவிட்டிருந்தார்கள். மெத்தையும் அவனோடு எழுந்தது. அதன் மறுமுனையில் உட்கார்ந்திருந்த ஓரின்பேக், வாயில் வாங்கிய கல்லீரலோடு மல்லாக்கச் சாய்ந்தார்.