முன் சக்கரத்தின் சத்தம்

வண்டியில் எழும் சத்தங்களிலேயே விட்டு விட்டு வருகிற சத்தம்தான் மனுஷரைப் படுத்தி எடுக்கும், கண்ணுகளா. ஒரேயடியாகக் கத்தினால் நிறுத்தி இறங்கிப் பார்த்துவிடலாம். விட்டு விட்டு வந்தால் காது அதன் பின்னாலேயே அலையும். தீபிகாவுக்கு அன்று காலை அப்படித்தான் இருந்தது. பரமத்தி தாண்டும் வரை ஒன்றுமில்லை. வள்ளிபுரத்தை நெருங்குகையில் ரோட்டில் தார் ஒட்டுப் போட்ட இடம் ஒன்று வந்தது. இடது பக்க முன் சக்கரத்துக்குள்ளிருந்து ‘கடக்’ என்றது.

பாட்டை அணைத்தாள். கண்ணாடியை இறக்கினாள். அடுத்த ஒட்டு வரும் வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓட்டினாள்.

கடக். கொஞ்ச தூரம் சும்மா இருந்தது. மறுபடி கடக்.

தீபிகா மணப்பெண் அலங்காரம் செய்கிறவள். பரமத்தி வேலூரில் வாழ்க்கைப்பட்டவள். நாமக்கல், சேலம், எந்த மண்டபமானாலும் தன் காரிலேயே போய் இறங்குவாள். பின் சீட்டில் வட்ட விளக்கு, அதன் முக்காலி, நகைப் பெட்டிகள், சவுரி, பூச்சுச் சாமான் பை எல்லாம் அடைத்துக் கிடக்கும். அதைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏற முடியாது. கார் இருந்தால்தான் தொழில்.

அந்தக் கார்தான் ஒரு வருஷமாக முன்காலை நொண்டிக்கொண்டிருந்தது. சக்கரத்தைத் தாங்குகிற சாமான், ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு சேர்க்கிற சாமான் எல்லாம் புதிதாகப் போடுவார்கள். மூன்று வருஷம் உழைக்க வேண்டியது மூன்று மாதம் தாங்காது. இரண்டு மாதம் முன்னால் மோகனூர்க் கல்யாணத்துக்குப் போகிற வழியில் நின்றுபோனது. தீபிகா மண்டபத்துக்குள் ஓடியபோது, சித்தி மகள் அப்பிவிட்ட பவுடரோடு மணப்பெண் மேடையில் உட்கார்ந்திருந்தாள். அந்தப் பேச்சு இன்னும் ஓயவில்லை. இன்று சாயங்காலம் அயோத்தியாப்பட்டணத்தில் வரவேற்பு. மணப்பெண் பெயர் இனியா. இதற்கும் பிந்தினால் அப்புறம் எவரும் கூப்பிட மாட்டார்கள்.

போன் அடித்தது. ஓரங்கட்டினாள். கணவன் ஜெயபிரகாஷ். வடக்கே லாரி ஓட்டிப் போனால் வாரக்கணக்கில் வராதவன்.

“எங்க இருக்கற?”

“வள்ளிபுரங்க.”

“அதுக்குள்ள ஏன் நின்ன? சத்தமா?”

“ஆமாங்க.”

“நெனச்சேன். மேடு பள்ளம் பாத்து எறக்கோணும் தீபிகா. நா இருவது டன்னு ஏத்திக்கிட்டு ஓட்டறேன், எனக்கு இப்புடி ஆகறதில்ல.”

“பாத்துத்தாங்க ஓட்டறேன்.”

“பாத்து ஓட்டுனா சாமான் எப்புடிப் போகும்? நா இந்த நடை முடிச்சு வந்ததும் வித்துப்போடலாம். உள்ளூர்ல வர்ற சோலியப் பாரு, போதும்.”

உள்ளூரில் வருஷத்துக்கு எத்தனை கல்யாணம் நடக்கும் என்று இரண்டு பேருக்குமே தெரியும். அவள் போனை வைத்துவிட்டு ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். அவள் ஓட்டுவதைக் குறை சொல்லாத ஒரே ஆள் மாமனார் வெங்கடாசலம். அவரும் ஆயுசு பூராவும் லாரி ஓட்டியவர்தான். இப்போது வீட்டை ஒட்டி மெயின் ரோட்டில் பஞ்சர் கடை வைத்திருக்கிறார். அன்று காலையும் கண்ணாடியைத் துடைத்து, நாலு சக்கரத்தையும் இரும்புக் கம்பியால் ஒவ்வொரு தட்டுத் தட்டி, உழவுக்குப் போகிற மாட்டைத் தட்டிக்கொடுப்பதுபோல வழியனுப்பியிருந்தார்.

நாமக்கல்லில் சந்தோஷ்குமாரின் ஒர்க்‌ஷாப்புக்கு ஊர்ந்து போனாள். அவன் அவளைக் கண்டதுமே ஜாக்கியை எடுத்துவிட்டான்.

“வாங்கக்கா. ரெண்டு மாசமாச்சே, இன்னும் ஆளக் காணமேன்னு இப்பத்தான் நெனச்சேன்.”

சக்கரத்தைத் தூக்கி, இரண்டு பக்கமும் கை வைத்து ஆட்டினான். பல் ஆடுவதுபோல ஆடியது.

“டை ராடு முனை போச்சு. புஷ்ஷும் கிழிஞ்சுபோச்சு.” டை ராடு என்பது ஸ்டியரிங் திரும்பினால் சக்கரத்தைத் திருப்புகிற கம்பி. புஷ் என்பது இரும்பும் இரும்பும் மோதாமல் நடுவில் கிடக்கிற ரப்பர். “நெசமாச் சொல்லுங்கக்கா. வேகத்தடைய ஏறி எறங்கறீங்களா, தாவிக் குதிக்கறீங்களா?”

“கும்புட்டுக் கேட்டுக்கிட்டுத்தான் தம்பி ஏறுவேன்.”

“அப்ப வேகத்தடைதான் உங்க வண்டி மேல ஏறுதாட்ட இருக்குது.”

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் சாமானை மாற்றி முடிக்கும் வரை வாசலுக்கும் வண்டிக்கும் நடந்தாள். இனியாவின் அம்மா இரண்டு முறை போன் செய்துவிட்டார். வந்துக்கிட்டே இருக்கேனுங்க என்று இரண்டு முறையும் சொன்னாள்.

சாமான் மாற்றினால் சக்கரத்தை நேர் பார்த்துத் திருத்த வேண்டும். பக்கத்திலேயே அங்கமுத்துவின் அலைன்மென்ட் கடை. வழக்கமாக அங்கே போனதும் நாற்காலியில் உட்கார்ந்து போனைப் பார்ப்பாள். அன்று உட்கார முடியாமல் வண்டியோடே நின்றாள். அங்கமுத்து முதல் வேலையாகக் காற்று அளக்கிற மானியை டயரின் வால்வில் மாட்டினார். புஸ்ஸ்ஸென்று காற்று இறங்கியது. அடுத்த சக்கரத்துக்குப் போனார். அதிலும் புஸ்ஸ்ஸ்.

இந்தச் சத்தத்தை முன்னால் வந்தபோதெல்லாம் கேட்டிருக்கிறோமே என்று அவளுக்குத் தோன்றியது.

“ஏனுங்கண்ணா, எப்பவும் காத்த எறக்கறீங்க. ஏத்தி ஒரு நாளும் பாத்ததில்லயே?”

“ஏத்தறதுக்கு எங்கீங்க எடமிருக்குது? முப்பத்திரண்டு இருக்கோணும். உங்குளுது அம்பதத் தாண்டி நிக்குது.” டயரைத் தடவிக் காட்டினார். “நடுவுல பாருங்க, மொழுக்குன்னு தேஞ்சுபோச்சு. ஓரத்துல பட்டன், அந்த மேடு பள்ளம், அப்புடியே நிக்குது. காத்து எச்சா இருந்தா டயரு கல்லாட்ட ஆயிரும். ரோட்டு அடிய டயரு அமுங்கி வாங்கிக்கோணும். அது வாங்கலீன்னா உள்ள இருக்கற ரப்பரு வாங்கும். அதுவும் போச்சுன்னா ஜாயின்ட் வாங்கும்.”

“இத மொதல்லயே சொல்லலாமில்லீங்க?”

“நீங்க கேக்கலியே. ஊர்ல எல்லாரும் காத்து கம்மியா வருவாங்க, நீங்க எச்சா வாரீங்க. நா எறக்கி உட்டு அனுப்பீர்றேன். எங்கீங்க புடிக்கறீங்க?”

“ஊட்லதாங்க. மாமனாரு.”

“லாரி ஓட்டுனவரா?”

“ஆமாங்க.”

“அப்பச் சரி,” என்று அங்கமுத்து அடுத்த சக்கரத்துக்குக் குனிந்தார்.

லாரிக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. நின்ற இடத்திலெல்லாம் இறங்கி, டயரைக் கம்பியால் தட்டிப் பார்ப்பார்கள். ‘டங்’கென்று மணிபோலக் கேட்டால் காற்று இருக்கிறது. ‘டொம்’மென்றால் இல்லை. கார் டயரில் சரியான காற்று இருந்தாலும் ‘டொம்’மென்றுதான் கேட்கும். காலையில் தீபிகா அடுப்படியில் இருக்கும் நேரம் வெங்கடாசலம் தட்டியிருப்பார், ‘டொம்’மென்றிருக்கும், மனசு பொறுக்காமல் பைப்பை மாட்டியிருப்பார். கடையில் காற்றடிக்கிற கம்ப்ரசர் நாள் பூராவும் ஓடுகிறது. எந்த வண்டிக்கு ஓடுகிறது என்று யார் பார்த்தார்கள்?

சேலத்து ரோட்டில் வண்டி தண்ணீரில் மிதப்பதுபோல ஓடியது. சத்தமே இல்லை. ஆனால் அவள் மனசு மட்டும் கடகடவென்று ஆடிக்கொண்டிருந்தது. ஜெயபிரகாஷுக்கு ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவள் மேலிருக்கிற பழி போய்விடும். மல்லூர்ப் பக்கம் நிறுத்திப் போனைக் கையிலெடுத்தாள். மறுபடியும் பைக்குள் போட்டாள்.

ஏனென்றால் வெங்கடாசலத்தின் தம்பி செங்கோடன் போனது டயரால். அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு லாரி ஓட்டிய காலம். தொப்பூர் இறக்கத்தில் முன்னால் போன தம்பியின் வண்டியில் டயர் வெடித்து, பின்னால் வந்த அண்ணன் கண் முன்னேயே அது கவிழ்ந்தது. காற்று குறைந்திருந்தது என்றார்கள். அதன்பிறகு அந்த மனுஷர் கம்பி இல்லாமல் வாசல் இறங்கியதில்லை. அவரிடம் போய், நீங்கள் காக்கிறேன் என்று பிடித்த காற்றுதான் வண்டியைத் தின்கிறது என்று எப்படிச் சொல்வது?

அம்மாபேட்டையில் மைதிலி ஏறிக்கொண்டாள். தீபிகாவோடு சேர்ந்து தொழில் படித்தவள், தலை அலங்காரம் அவள் பொறுப்பு. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “சொல்லிடுடி,” என்றாள்.

“சொன்னா அவரு மனசு ஒடிஞ்சுபோகும்டி.”

“அப்ப சொல்லாத. காரை வித்துடு. சவுரிய நான் தலையில வச்சுக்கறேன், விளக்க நீ தலையில வச்சுக்க. ரெண்டு பேரும் பஸ்ஸுல போவோம். ஊரே பாக்கும்.”

“சும்மா இருடி.”

“இன்னொண்ணு. மழையில அந்தக் கல்லு டயரு வழுக்குச்சுன்னா? அப்ப அவரு மனசு நல்லா இருக்குமா?”

தீபிகா வேகத்தைக் கொஞ்சம் குறைத்தாள். நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். இனியாவின் கண்ணுக்கு இழுத்த மைக்கோடு கோணவில்லை. ஆனால் வாசலில் எந்த வண்டி வந்து நின்றாலும் திரும்பிப் பார்த்தாள். மறுநாள் முகூர்த்தம் முடிந்து, மைதிலியை வீட்டில் விட்டு, பரமத்தி வேலூர் வந்து சேர்ந்தபோது வெயில் சாய்ந்திருந்தது.

வண்டி நின்றதுமே வெங்கடாசலம் கம்பியோடு வந்தார். சாப்பிட்டாயா என்றுகூடக் கேட்கவில்லை. முன் சக்கரத்தில் தட்டினார்.

டொம்.

முகம் மாறிவிட்டது. “காத்தே இல்ல சாமி. இதுலயா சேலத்துல இருந்து வந்த?” பைப்பை எடுக்கத் திரும்பினார்.

“மாமா, இருங்க. மொதல்ல ஏறுங்க.”

“நானா? இந்தக் கூண்டுக்குள்ளயா? காலு மடங்காது அம்மிணி.”

“மடக்கிப் பாருங்க. வாய்க்கா ரோடு வரைக்கும்தான்.”

அவர் அந்தக் காரில் அதுவரை ஏறியதில்லை. கம்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். வாய்க்கால் கரையில் வெற்றிலைக் கொடிக்காலை ஒட்டி ஒரு ரோடு போகிறது. குழியும் ஒட்டுமாகக் கிடக்கும், நடுவில் ஒரு வேகத்தடையும் உண்டு. போய்த் திரும்பும் வரை தன் பக்கம் இல்லாத பிரேக்கை அவர் கால் மிதித்துக்கொண்டே வந்தது. டயர் எங்கே வெடிக்குமோ என்று காது வெளியே இருந்தது. ஒன்றும் ஆகவில்லை.

கடை முன்னால் நிறுத்தி, “இப்ப உங்க கணக்குக்குப் புடிங்க மாமா,” என்றாள்.

அவருக்கு அப்போதுதான் உயிர் வந்தது. நாலு சக்கரத்துக்கும் பிடித்தார். தட்டினார். டங். “இது காத்து,” என்றார். மறுபடி ஏறச் சொன்னாள். அதே ரோடு, அதே வேகம். முதல் குழியில் கண்ணாடி அதிர்ந்தது. ஒவ்வொரு ஒட்டும் அவர் இடுப்பில் வந்து இடித்தது. வேகத்தடையில் தோள் துண்டு நழுவிக் காலடியில் விழுந்தது. அவர் அதை எடுக்கவில்லை.

“நிறுத்து சாமி.”

இறங்கி முன் சக்கரத்தின் பக்கத்தில் குந்தினார். டயர் மேல் உள்ளங்கையை வைத்தார். ஆயுசுக்கும் வண்டியை முதுகால் படித்த மனுஷருக்கு விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை.

“இத்தன நாளும் இதுலயா போயிட்டு வந்த?”

“ஆமாங்க மாமா.”

“ஒரு வார்த்த சொல்லலியே.”

“எனக்கே நேத்துத்தான் தெரியும்.”

“லாரின்னா முதுகுல லோடு இருக்கும், அமுக்கும். இதுல நீ ஒருத்தி. உன்ன என்னத்த அமுக்கறது?”

அங்கமுத்து கடையில் வாங்கிய சின்ன மானியை அவள் நீட்டினாள். அவர் வால்வை அழுத்தினார். புஸ்ஸென்றதும் விரலை எடுத்துவிட்டார். மறுபடி அழுத்தினார். முள் முப்பத்திரண்டுக்கு வந்தது.

“இது போதுமா?”

“போதுமுங்க மாமா.”

“செங்கோடன் கேட்டப்ப நானும் இப்புடித்தான் போதும்னேன்.”

கொடிக்காலுக்குள் யாரோ தண்ணீர் திருப்பிக்கொண்டிருந்தார்கள்.

“அது லாரிங்க மாமா,” என்றாள் தீபிகா.

“ஆமா. அது லாரி.” மீதிச் சக்கரங்களையும் அவரே இறக்கினார். முகத்தை வாய்க்கால் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டுதான் இறக்கினார்.

வீடு வந்ததும் ஜெயபிரகாஷின் போன் வந்தது. தீபிகா எடுக்குமுன் அவர் வாங்கிக்கொண்டார்.

“வண்டி விக்கற பேச்ச உடு.”

“ஏனுங்கப்பா? மறுபடி சாமான் போயிருக்குமே?”

“அம்மிணி ஓட்டுனதுல நா உக்காந்து பாத்துட்டேன். உன்ன விட நல்லாத்தான் ஓட்டுது. கோளாறு வேற.”

“என்ன கோளாறு?”

“காத்து.”

“காத்தா? எந்த முட்டாப் பய புடிச்சது?”

“நாந்தான்,” என்று சொல்லிப் போனை அணைத்து அவள் கையில் கொடுத்துவிட்டுக் கடைக்குப் போய்விட்டார்.

அடுத்த முகூர்த்தம் திருச்செங்கோட்டில். காலையில் அடுப்படியில் நின்ற தீபிகா கையிலிருந்த கரண்டியை வைத்துவிட்டுக் காது கொடுத்தாள். வாசலில் டொம். நடந்து போகிற செருப்புச் சத்தம். மறுபடி டொம். கம்ப்ரசர் இப்போது ஓடும், இப்போது ஓடும் என்று நின்றாள். ஓடவில்லை.

சாமான்களை ஏற்றிக்கொண்டு கிளம்பும்போது அவர் கம்பியோடு ஓரத்தில் நின்றார். மானியை எடுத்து ஒரு தரம் மாட்டிப் பார்த்தார். சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மறுபடி எடுத்து மாட்டினார்.

“போயிட்டு வாரேன் மாமா.”

“மெதுவாப் போ சாமி. போய் எறங்குனதும் கூப்புடு.” வண்டி நகர்ந்தது. அது திருப்பத்தில் மறைகிற வரை கம்பியைப் பிடித்த கை தளரவில்லை.