பதினாறாவது வரி

1

காலை ஐந்தே முக்காலுக்கு எழுகிறான். மோட்டார் போடுகிறான். தொட்டி நிறைய இருபது நிமிடம் ஆகும். அதற்குள் பல் துலக்கி, வாசலில் கிடக்கும் பால் பாக்கெட்டை எடுத்து உள்ளே வைக்கிறான். இரண்டு போன்களையும் சார்ஜில் போடுகிறான். ஒன்று அவனுடையது. இன்னொன்று பழைய போன், சின்ன பின்; அவன் சார்ஜர் அதில் நுழையாது. டீ ஒரு டம்ளர். மோட்டாரை நிறுத்துகிறான். எட்டுப் பத்துக்கு அதியமான்கோட்டை நிறுத்தத்தில் டவுன் பஸ். ஒன்பது மணிக்கு ஒரு தனியார் கல்லூரி அலுவலகத்தில் உட்கார்ந்து மாற்றுச் சான்றிதழ் அடிக்கிறான். நடத்தை என்ற இடத்தில் எல்லோருக்கும் 'நன்று'.

இவன் பெயர் சரத். வயது முப்பத்தொன்று. இந்தக் கதையை எழுதுகிறவன் இவன்தான். 'நான்' என்று தொடங்கிய வரைவு நான்கு வரியில் நின்றுவிட்டது. 'அவன்' என்று மாற்றியதும் நகர்ந்தது. அதனால் அவன்.

கதை வந்த வழியையும் இப்போதே சொல்லிவிடலாம். பிப்ரவரியில் அருள்குமார் என்பவன் போன் செய்து, "அண்ணா, ஒரே ஒரு வரி எழுதிக் குடுங்க," என்றான். சரத் எழுதிக் கொடுத்தான். அந்த ஒரு வரியைத் திரும்பப் பெறத்தான் இத்தனை வரிகள்.

2

முதல் வரைவில் கதாநாயகன் ஆண். பெயர் முருகேஷ். லாரி டிரைவர் மகன், ராப் பாடகன்.

"முருகேஷின் தொண்டைக்குள் ஒரு நெடுஞ்சாலை ஓடிக்கொண்டிருந்தது."

[இந்த வாக்கியத்தை அடிக்காமல் விட்டிருக்கிறான். எவ்வளவு மோசமாகத் தொடங்கலாம் என்பதற்கு ஒரு சாட்சி இருக்கட்டும்.]

முருகேஷ் எதற்கெடுத்தாலும் கோபப்பட்டான். மூன்றாம் பக்கத்தில் தொப்பூர் கணவாயில் செத்தான். தர்மபுரியில் கதை எழுதுகிறவனுக்குத் தொப்பூர் ஒரு வசதி. பாத்திரம் கைக்கு அடங்காவிட்டால் சேலம் பக்கம் அனுப்பிவிடலாம். இறக்கத்தில் பிரேக் பிடிக்காத லாரி ஒன்று எப்போதும் தயாராக இருக்கும். வாசகரும் காரணம் கேட்கமாட்டார்.

முருகேஷுக்காக யாரும் வருத்தப்படவில்லை. எழுதியவன் உட்பட.

உண்மையில் பாடியது பெண். சரத்தின் மனைவி. பெயர் தீர்த்தம்மாள். சென்ற நவம்பரில் காய்ச்சல் வந்து ஐந்தாம் நாள் இறந்தாள். வயது இருபத்தெட்டு. டெங்கு என்று எழுதிக் கொடுத்தார்கள்.

இனி இரண்டாவது வரைவு.

3

அரூருக்கு அந்தப் பக்கம், தீர்த்தமலைக்குக் கீழே அவள் ஊர். மலைக் கோயிலுக்கு வேண்டிக்கொண்டு பிறந்ததால் அந்தப் பெயர். கல்லூரியில் பெயரைச் சொன்னால் சிரிப்பார்கள். சொல்ல வாயைத் திறந்தால் இன்னொரு முறை சிரிப்பார்கள். ஃபுளோரைடு கலந்த ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்த பல். மஞ்சளும் பழுப்புமாகக் கறை. இரண்டாம் ஆண்டுவரை கையால் வாயை மூடிக்கொண்டுதான் பேசினாள். அந்த வருட விழாவில் மேடையேறி, வாயிலிருந்து கையை எடுத்து, அதே கையால் மைக்கைப் பிடித்தாள்.

பல்லு மஞ்சன்னு சிரிச்சவனே, பாரு
உனக்குத் தண்ணி பாட்டிலு, எனக்கு போரு
ஆயிரம் அடியில பாறையக் கடிச்சேன்
அந்தக் கறையோடதான் மைக்கப் புடிச்சேன்

[நான்கும் அவளுடையவை. சரத் கை வைக்கவில்லை.]

பெயரையும் மாற்றிக்கொள்ளவில்லை. கடைசிவரை மேடையிலும் தீர்த்தம்மாள்தான்.

பெண் பார்க்கப் போன அன்று சரத்தின் அப்பா வழக்கமான கேள்வியைக் கேட்டார். "பொண்ணுக்குப் பாடத் தெரியுங்களா?"

"தெரியுங்க. ஆனா நீங்க நெனைக்கிற பாட்டு இல்லீங்க," என்றாள்.

"வேற என்னா பாட்டு?"

"பேசற பாட்டுங்க."

அப்பா திரும்பிச் சரத்தைப் பார்த்தார். சரத் காப்பி டம்ளரைப் பார்த்தான்.

அவள் பாட்டு வாழ்க்கை என்று எழுத உட்கார்ந்தால் ஒரு பக்கம் வருகிறது. ஆறு வருடம், பதினொரு பாட்டு. யூடியூபில் நானூற்றுச் சொச்சம் பேர். மாதம் ஒரு ஞாயிறு முதல் பஸ்ஸில் பெங்களூரு போவாள். அங்கே ஒரு பூங்காவில் வட்டமாக நின்று ஆளுக்கு எட்டு வரி பாடுவார்கள். கன்னடத்தில் யாராவது சீண்டினால் கன்னடத்திலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்த பஸ்ஸில் வந்துவிடுவாள். அரூர்ப் பக்கம் ஒரு திருவிழாவில் இன்னிசைக் குழு டீ குடிக்கப் போன இடைவெளியில் ஐந்து நிமிடம் கிடைத்தது. மூன்றாவது நிமிடம் கீழேயிருந்து ஒருவர் கேட்டார்.

"ஏம்மா, பாட்டு எப்ப ஆரம்பிப்ப?"

"ஆரம்பிச்சு முக்கால்வாசி முடிஞ்சிருச்சுங்க. உங்களுக்காவ மறுக்கா மொதல்ல இருந்து வரேன்," என்று மைக்கிலேயே சொல்லிவிட்டு, முதலிலிருந்து தொடங்கினாள். கூட்டம் விசிலடித்தது. மைக்கை அணைத்துவிட்டார்கள்.

[இந்த இடத்தில் சரத்துக்கு ஒரு சந்தேகம். இவள் எப்போதும் சரியான பதிலை வைத்திருப்பவளாக வருகிறாள். அப்படி இல்லை. பஸ்ஸில் சில்லறை கேட்டால் திணறுவாள். சரத்தின் அண்ணி பேசினால் பேசாமல் கேட்டுவிட்டு, குளியலறையில் போய்ப் பதில் சொல்வாள்.]

அவள் வேலை செய்யும் முறையை மட்டும் சொல்ல வேண்டும். பதினாறு வரி ஒரு கட்டு. பதினைந்தைப் போனில் எழுதுவாள். பதினாறாவதை எழுத மாட்டாள். மைக் முன்னால் நிற்கும்போது வாய்க்கு என்ன வருகிறதோ அதுதான். வராவிட்டால் மறுபடி முதல் வரியிலிருந்து. ஏன் என்று சரத் ஒரு முறை கேட்டான்.

"கடேசி வரிய மின்னாடியே எழுதி வெச்சிட்டா மிச்ச பதினஞ்சும் அதுக்கு வேல செய்யுங்க. அது வேணாம்."

[சரத் இந்தக் கதையின் கடைசி வரியை முதலிலேயே எழுதி வைத்துவிட்டான். மற்ற எல்லாம் அதற்கு வேலை செய்துகொண்டிருக்கின்றன. அவள் சொன்னது சரி.]

4

கடைசிப் பதிவு காய்ச்சலின் முதல் நாள் நடந்தது. அவள் குரல் கரகரத்திருந்தது. அது அவளுக்குப் பிடித்திருந்தது.

"இந்தக் கொரலு தேடுனாலும் கெடைக்காது. இப்பவே எடுத்துடறேன். ஃபேன அமத்துங்க."

படுக்கையறைதான் ஸ்டுடியோ. ஜன்னலை அடைத்து மெத்தை, கதவுக்குப் பின்னால் கம்பளி. தாளத்தை அருள்குமார் அனுப்பியிருந்தான். அவனுக்கு ஓசூரில் செல்போன் கடை. அவள் பாட்டுகளுக்கெல்லாம் இசை அவன்தான். இந்தத் தாளத்துக்குள் பட்டுப்புழுக்கள் இருந்தன. தீர்த்தம்மாளின் அம்மா பெரியம்மாள் புழு வளர்க்கிறாள். கூடு கட்டுவதற்கு முந்தைய வாரம் ஆயிரக்கணக்கான புழுக்கள் தழை தின்னும் சத்தம் தகரத்தில் தூறல் விழுவதுபோல இருக்கும். அதைப் பதிந்து அனுப்பியது தீர்த்தம்மாள். அடியில் டிரம் வைத்தது அருள்குமார்.

பதினைந்தாவது வரி இது:

கேக்குறது நாலு பேரு, அதுல ஒண்ணு எம் புருசன்

பிறகு புழுக்கள் தின்கின்றன. டிரம் நான்கு முறை விழுகிறது. அவள் மூச்சை இழுக்கிறாள். கதவு திறக்கிறது. ஓர் ஆண் குரல்.

"சிலிண்டர் வந்துருக்கு. ஓடிபி கேக்குறாரு."

"அய்யோ, ஏங்க!"

"அவரு வெயில்ல நிக்கிறாரு."

"ஆறு, ரெண்டு, ரெண்டு, ஒம்போது. கதவச் சாத்துங்க."

பதிவு அத்துடன் முடிகிறது. மறுபடி எடுக்க உடம்பு இடம் கொடுக்கவில்லை. சாயங்காலம் வாந்தி. மறுநாள் ஆஸ்பத்திரி.

ஆண் குரல் யாருடையது என்று சொல்ல வேண்டியதில்லை.

5

"அக்கா கொரலு பத்து மணி நேரம் எங்கிட்ட இருக்குதுண்ணா," என்றான் அருள்குமார், அந்தப் பிப்ரவரிப் போனில். "கம்ப்யூட்டர் அதக் கத்துக்கிச்சு. நீங்க டைப் பண்ணுனா அக்கா மாதிரியே சொல்லும். பதினஞ்சோட வுட்டா பாட்டு அந்தரத்துல நிக்குது."

"கடைசி வரிய அவ எழுத மாட்டாளேப்பா."

"ஆமா. அதான் அக்கா எழுதல, நீங்க எழுதறீங்க."

சரத் தமிழில் எம்.ஏ. மூன்று நாள் உட்கார்ந்தான்.

[அடித்தவை:
காத்து நின்னாலும் எம் பாட்டு—
ஊரே ஒறங்குனாலும்—
மிச்ச மூணு பேரு யாருன்னா—]

மூன்றாவதுதான் அவள் போயிருக்கக்கூடிய பாதை. அந்த இடத்தில் ஒரு கேலி உட்கார்ந்திருக்கிறது. மிச்ச மூன்று பேர் யார் என்று அவளுக்குத் தெரியும். இவனுக்குத் தெரியாது. பதினொரு பாட்டில் இவன் முழுதாகக் கேட்டது ஏழு. நான்கு பேரில் தன்னைச் சேர்த்ததே அவள் தாராளம். நான்காவதாக எழுதி அனுப்பியது இது:

நாளைக்கு ஊரே கேக்கும், அன்னிக்கும் மொத ஆளு எம் புருசன்

புருசனுக்குப் புருசனே இயைபு. எம்.ஏ. படிப்பு அவ்வளவுதான் உதவியது. ஆனால் தாளத்தில் உட்கார்ந்தது. பத்து நிமிடத்தில் அவள் குரலில் திரும்பி வந்தது. அவளுக்கு முன்பல் நுனி உடைந்திருக்கும். 'ச' சொன்னால் ஒரு சின்ன விசில் வரும். அந்த விசிலும் இருந்தது. எட்டு முறை கேட்டான். ஒன்பதாவது முறைதான் தெரிந்தது, அவள் வாயை வைத்துத் தன்னைத் தானே பாராட்டிக்கொண்டிருக்கிறான் என்று.

நடத்தை: நன்று.

6

அதற்குள் அருள்குமார் அதைப் பெரியம்மாளுக்கும் அனுப்பிவிட்டான். நல்ல மனசுதான்.

சரத் ஊருக்குப் போனபோது பெரியம்மாள் புழு ஷெட்டுக்குள் இருந்தாள். போனை உள்ளே கொண்டுபோக மாட்டாள். பிளாஸ்டிக் பையில் போட்டு வாசல் ஆணியில் மாட்டிவிட்டு, பிளீச்சிங் தண்ணீரில் கால் நனைத்து உள்ளே போவாள். தழை போட்டு முடித்து வெளியே வந்ததும் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுப்பாள். நாளைக்கு மூன்று வேளை தழை. மூன்று வேளையும் பாட்டு.

முதல் பதினைந்து வரியைக் கேட்பதில்லை. "அது வெரசாப் போவுதுங்க, எனக்கு ஒண்ணும் வெளங்கல," என்றாள். விரலால் தள்ளிக் கடைசி வரிக்குப் போகப் பழகியிருந்தாள்.

"பாத்தீங்களா மாப்ள. அந்தக் காய்ச்சல்லயும் உங்களத்தான் சொல்லிட்டுப் போயிருக்கா. எங்கிட்ட எப்பவும் வெடுக்கு வெடுக்குன்னுதான் பேசுவா. உள்ளுக்குள்ள எவ்ளோ வெச்சிருந்திருக்கா பாருங்க."

"அத்தை, அது—"

"பக்கத்து வூட்டு சுசித்ரா கேட்டுட்டு அழுதுட்டா. எனக்கு அழுவ வரல. நல்லா இருந்துச்சு. மறுக்கா ஒருக்கா போடட்டுங்களா?"

போட்டாள். ஷெட்டுக்குள் புழுக்கள் தின்னும் சத்தம். போனுக்குள்ளும் அதே சத்தம். எம் புருசன், என்றது போன்.

[இந்தக் கதையில் பாதியில் நின்ற வாக்கியங்கள் பல. மற்றவை தாளில் நின்றவை. "அத்தை, அது—" மட்டும் வாயில் நின்றது.]

7

வரும் வெள்ளிக்கிழமை பாட்டு வெளியாகிறது. சரத் அருள்குமாருக்குப் போன் செய்து தன் வரியை எடுத்துவிடச் சொன்னான்.

"அப்ப அங்க என்னாண்ணா வெக்கிறது?"

"இருக்கறத வை."

"சிலிண்டர் ஓடிபியவா? சிரிப்பாங்கண்ணா."

"அவ சொன்னது அதானே."

அந்தப் பக்கம் பாட்டு ஓடும் சத்தம் கேட்டது. நின்றது. மறுபடி ஓடியது.

"அண்ணா. ஆறு, ரெண்டு, ரெண்டு, ஒம்போது. தாளத்துலதான்ணா சொல்லியிருக்காங்க."

பாட்டின் கதை அவ்வளவுதான். ஆனால் பெரியம்மாள் போனில் இருப்பது அப்படியே இருக்கிறது. வெள்ளிக்கிழமை ஊர் கேட்கும் பாட்டில் அந்த வரி இருக்காது. அதற்கு முன்னால் யாராவது அவளிடம் சொல்ல வேண்டும். யாராவது என்றால் சரத்.

அதற்கு முடிவுகள் எழுதிப் பார்த்தான். ஒன்றில் பெரியம்மாள் அழுகிறாள். ஒன்றில், "எனக்கு மின்னாடியே தெரியுங்க மாப்ள," என்கிறாள். இது கதைகளில் வரும் அம்மாக்கள் சொல்வது, பெரியம்மாள் சொல்ல மாட்டாள். ஒன்றில் சரத் சொல்லாமலே பஸ் ஏறி வந்துவிடுகிறான். அது ஏற்கனவே நடந்தது. நடந்ததை முடிவாக வைக்கலாம்தான், ஆனால் அவள் இன்றைக்கும் மூன்று முறை அதைக் கேட்டிருப்பாள்.

நாளை ஞாயிறு. ஏழரைக்கு அரூர் பஸ். ஆணியிலிருந்து பெரியம்மாள் போனை எடுக்கும்போது சரத் என்ன சொல்வான் என்பதை இவன் எழுதப்போவதில்லை. ஒருவர் வாயில் வரி வைக்கும் வேலையை இவன் விட்டுவிட்டான், அது தன் வாயாக இருந்தாலும். நீங்கள் வேண்டுமானால் அந்த வாசலில் நின்று பாருங்கள்.

அவள் ஒன்றைக் கேட்கக்கூடும். "அப்ப எம் பாப்பா நெசமா கடேசியா என்னதான் சொன்னா?" இந்தக் கேள்விக்கு மட்டும் பதில் தயாராக இருக்கிறது.

காய்ச்சலின் நான்காம் நாள் மத்தியானம். தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்ற ஸ்ட்ரெச்சர் வந்தது. தீர்த்தம்மாளின் போனில் சார்ஜ் மூன்று சதவீதம். சரத் பையிலிருந்து தன் சார்ஜரை எடுத்து நீட்டினான். அவள் அதைப் பார்த்துவிட்டுச் சொன்னாள். அவள் சொன்னபடி வீட்டுக்குப் போய் எடுத்துவர ஒன்றேகால் மணி நேரம் ஆனது. அதற்குள் அவள் பேசும் நிலையைத் தாண்டிவிட்டாள்.

சொன்னது இது.

"இது உங்களுதுங்க. இது வேணாம். என்னுது எடுத்தாங்க."