வெண்ணெய் நிறக் கூண்டு

முப்பத்தொரு வருடமாக ஓடுகிற தொலைக்காட்சித் தொடர் ‘நேற்றைய பால்’. பால்காரி ஒருத்தி தன் மின்சாரப் பால் வண்டியில் நூற்றாண்டு நூற்றாண்டாகச் சுற்றுவாள். அதில் இங்கிலாந்தின் ஹல் நகரம் இதுவரை பன்னிரண்டு முறை தலைகாட்டியிருக்கிறது. லண்டனாக ஆறு முறை, ஆம்ஸ்டர்டாமாக மூன்று முறை, உப்பைக் கொட்டிப் பனி என்று சொல்லி ரஷ்யாவாக ஒரு முறை, செவ்வாய்க் கிரகத்துச் சிறைச்சாலையாக ஒரு முறை. ஹல்லாக மட்டும் ஒரு முறைகூட இல்லை. ஊருக்கே அடையாளமான ஹம்பர் பாலத்தையே காட்டிவிட்டு அதை லீட்ஸ் என்று சொன்ன அத்தியாயமும் உண்டு. அன்று லினெட் ஸ்டாதர்ஸ் தொலைக்காட்சி மேல் செருப்பை விட்டெறிந்தாள். நானாக இருந்தால் இரண்டையும் எறிந்திருப்பேன்.

லினெட் பள்ளிக்கூடச் சமையல்காரி. ஐம்பத்திரண்டு வயது. அந்தத் தொடரின் ஹல் ரசிகர் மன்றத்துக்குத் தலைவியும் அவள்தான். படப்பிடிப்புக்காரர்கள் வருகிறார்கள் என்றால் முந்தின நாளே மன்றத்துக்குச் சொல்லி அனுப்புவார்கள். மன்றம் தெருவில் இறங்கி ஊரின் அடையாளத்தை எல்லாம் மறைத்து வைக்கும். அதில் பெரிய வேலை தொலைபேசிக் கூண்டு. நாடு முழுக்க அது சிவப்பு, ஹல்லில் மட்டும் வெண்ணெய் நிறம். அதனால் கழுவினால் போகிற சிவப்புச் சாயத்தைக் கூண்டுக்கு அடித்துவிடுவார்கள். தன் ஊரைத் தானே அழிக்கிற வேலை. லினெட்டுக்கு ஒவ்வொரு தடவையும் வயிறு எரியும். ஆனாலும் தூரிகையை வேறு யார் கையிலும் கொடுக்கமாட்டாள்.

மன்றத்தில் இன்னொரு விரதமும் உண்டு. கதையை முன்கூட்டியே தெரிந்துகொள்ளக் கூடாது. அதனால் இந்தத் தடவை வந்த மின்னஞ்சலில் நாளையும் தெருவையும் மட்டும் பார்த்தாள். கூடவே இணைத்திருந்த தாள்களைத் திறக்கவே இல்லை.

அக்டோபர் மாதக் கடைசி நாள், வெள்ளிக்கிழமை. மத்தியானம் இரண்டு மணிக்கு இயக்குநர் ஃபிரேயா காரைவிட்டு இறங்கியபோது, தெருமுனையில் கூண்டு செக்கச்செவேல் என்று நின்றது. லினெட் பெருமையோடு கையைத் துடைத்துக்கொண்டாள்.

“என்னங்க இது?” என்றாள் ஃபிரேயா.

“லண்டன்! இல்ல, பர்மிங்காம்னாலும் சரி. நாங்க எதுக்கும் ரெடி.”

“தாள்ல எழுதி அனுப்பினேனே, தெருவுல ஒண்ணையும் தொடாதீங்கன்னு! கதைப்படி பால்காரிக்கு எல்லாம் மறந்துபோச்சு. இந்தக் கூண்டோட நிறத்தைப் பாத்துத்தான் ‘அட, ஹல்!’னு கண்டுபிடிக்கிறா. இந்தத் தடவை ஹல் ஹல்லாவே வருது அம்மா!”

லினெட் திரும்பிக் கூண்டைப் பார்த்தாள். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைத்தவள் வேறு யாரும் இல்லை, அவளேதான்.

“அதைப் படிச்சா கதை தெரிஞ்சுடுமேன்னுதான்...” என்றாள்.

பக்கத்தில் நின்ற பஸ் டிரைவர் டெரக் பிளென்கின், இருபது வருட நண்பன், விழுந்து விழுந்து சிரித்தான். “முப்பத்தொரு வருஷம் தவம் இருந்து, சாமி வந்து நின்னப்ப கதவைச் சாத்திட்டியே லினெட்!”

“சிரிச்சது போதும், போய் வெந்நீர் கொண்டா! ஓடு!”

ஃபிரேயா வானத்தைப் பார்த்தாள். “நாலரை வரைக்கும்தான் வெளிச்சம். நாளைக்கு நாங்க வேற ஊர்ல இருக்கணும். அதுக்குள்ள ஆகலைன்னா ‘ஏதோ ஒரு ஊரு’ன்னு வசனத்தை மாத்திடுவேன். எனக்கு வேற வழி இல்ல.”

ஏதோ ஒரு ஊரா! லினெட் கோட்டைக் கழற்றி எறிந்தாள். டெரக் மதுக்கடைக்குள் ஓடி இரண்டு வாளி வெந்நீரோடு வந்தான். கடைக்காரி கெட்டில்களைத் தூக்கிக்கொண்டு வந்தாள். வறுத்த மீன் கடையிலிருந்து ஒருவர் அடுப்பு தேய்க்கிற பிரஷ்ஷோடு வந்தார். வங்கியிலிருந்து டை கட்டிய ஓர் ஆள் வந்து, ஏன் எதற்கு என்று கேட்காமலே கால்சட்டையை மடித்துவிட்டான். தெருவே திரண்டுவிட்டது. ஹல்காரர்கள் சாதாரணமாக எதற்கும் அசையமாட்டார்கள். ஆனால் தங்கள் ஊர்ப் பெயரை யாரோ விழுங்கப் பார்க்கிறார்கள் என்றால் விடமாட்டார்கள்.

“மேல தேய் டெரக், மேல!”

“நான் என்ன ஒட்டகச்சிவிங்கியா? ஏணி கொண்டா!”

“சாயத்துல பசையைக் கலக்கச் சொன்னது யாரு? இப்படி ஒட்டிக்கிட்டுக் கிடக்கு!”

“நீதான்! மழைக்குத் தாங்கணும்னு நீதான் சொன்னே!”

சிவந்த தண்ணீர் கல் பாவிய தெருவில் ஓடியது. நாலு மணிக்கு ஒரு பக்கம் வெளுத்தது. நாலேகாலுக்கு இன்னொரு பக்கம் பாதி. கடலிலிருந்து மேகம் ஏறி வந்தது, வெளிச்சம் மடமடவென்று இறங்கியது. ஃபிரேயா மெதுவாகப் பக்கத்தில் வந்து, “போதும் விடுங்க அம்மா. பாதிச் சிவப்போட அந்த வசனம் எடுபடாது,” என்றாள்.

லினெட் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அழுதுகொண்டே தேய்த்தாள். மூக்கிலும் முடியிலும் சாயம். பின்னால் ஃபிரேயா ஒரு நிமிடம் அந்தக் கூட்டத்தையே பார்த்துக்கொண்டு நின்றதும், கேமராக்காரரிடம் ஏதோ கிசுகிசுத்ததும், பால் வண்டி ஓசையில்லாமல் தெருவுக்குள் நுழைந்ததும் அவளுக்குத் தெரியாது.

யாரோ அவள் தோளைத் தொட்டார்கள். திரும்பினாள். வெள்ளைத் தொப்பி, கையில் பால் புட்டி. பால்காரியேதான். புருவத்தைச் சுருக்கிக்கொண்டு, நிஜமாகவே வழி தவறியவள் போலக் கேட்டாள்:

“எதுவுமே ஞாபகம் இல்லம்மா. எல்லாரும் இப்படி உயிரைக் கொடுத்து ஒரு கூண்டைத் தேய்க்கிறீங்களே, இது எந்த ஊரு?”

டெரக்கின் கை ஏணிமேல் அப்படியே நின்றது. அப்போதுதான் லினெட் கேமராவைப் பார்த்தாள். ஐயோ, பேசு பெண்ணே, பேசு!

“லண்டன் இல்ல,” என்றாள். பிறகு குரல் பிய்த்துக்கொண்டு கிளம்பியது. “ஆம்ஸ்டர்டாம் இல்ல, ரஷ்யா இல்ல, சத்தியமா லீட்ஸ் இல்ல! இது ஹல்லு தாயி! ஹல்லு!”