ஆடிட்டர் வீட்டில் முளைத்த அறை

மண் கொட்டிய அடுத்த மழைக்காலத்தில் ஆடிட்டர் வீட்டுச் சமையலறைச் சுவரிலிருந்து ஓர் அறை முளைத்தது. முதலில் ஒரு செங்கல் தலைகாட்டியது, பிறகு ஒரு மூலை, பிறகு நிலைப்படி. ஜன்னல் கடைசியாகத்தான் விட்டது. தெருவில் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆடிட்டர் பேரம் பேசாமல் மண் வாங்கினார் என்பதைத்தான் அவர்களால் நம்ப முடியவில்லை.

அதற்குக் காரணம் பக்கத்து வீட்டுப் பல் டாக்டர். அவருடைய தோட்டத்தின் படம் ஒரு பத்திரிகையில் வந்துவிட்டது. அன்றிலிருந்து அவர் சொத்தைப் பல்லைப் பார்ப்பதுபோலவே ஆடிட்டர் வீட்டு முன்புறத்தையும் பார்த்துக்கொண்டு போனார். அங்கே வீடு கட்டியபோது மிஞ்சிய ஜல்லியும் சிமென்ட் கட்டியும்தான் செழித்துக் கிடந்தன. ஆடிட்டர் ரோஷப்பட்டு, தோட்டத்துக்கு மேல்மண் விற்கும் கடைக்குப் போன் போட்டார். எடுத்த பெண்ணின் குரலில் தேன் ஒழுகியது. "ரெண்டு தடவை சலிச்ச மண்ணு சார். கல்லு, கண்ணாடி, களை எதுவும் இருக்காது. எதை வெச்சாலும் வளரும்." மறுநாளே டிப்பர் வந்தது. கேட் குறுகலாக இருந்ததால் ஓட்டுநர் பக்கவாட்டுச் சந்தில் வண்டியைப் பின்னால் எடுத்து, முழு லோடையும் சமையலறைச் சுவரோரம் சரித்துவிட்டு, வாரிக்கொள்ளுங்கள் என்று சொல்லிக் கிளம்பிவிட்டார். ஆடிட்டர் மண்வெட்டியோடு பாதி மண்ணை முன்புறத்துக்கு வாரினார். மீதிப் பாதியை அவருடைய இடுப்பு வேண்டாமென்று சொல்லிவிட்டது.

முன்புறம் வைத்த ரோஜாக்கள் வந்த வேகத்தில் பட்டுப்போயின. பதித்த புல்லும் சுருண்டது. எதை வைத்தாலும் வளரும் என்று சொல்லப்பட்ட மண்ணுக்குச் செடிகளை மட்டும்தான் பிடிக்கவில்லை. ஆடிட்டர் மறுபடி போன் போட்டுக் கத்தினார். அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டாள். "வேற ஏதாவது வளருதா சார்?"

"ஒரு ரூம் வளருது."

"ஜன்னல் விட்டுடுச்சா?"

"விட்டுடுச்சு."

"அப்ப மண்ணு அருமையான மண்ணு சார். மறக்காம நாலு நல்ல வார்த்தை எழுதிப் போடுங்க."

அறை என்ற சொல்லே அந்த வீட்டில் கொஞ்சம் சங்கடமானது. ஆடிட்டரின் அக்கா ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவள். அப்பா அம்மா போன பிறகு தம்பியைப் படிக்கவைத்து ஆளாக்கியவள். கல்யாணத்துக்கு நேரம் கிடைக்கவில்லை. மண் வருவதற்கு முந்தைய வருஷம், ஓய்வு பெற்று ஆஸ்பத்திரிக் குடியிருப்பைக் காலி செய்த அன்று இரண்டு பெட்டிகளோடு தம்பி வீட்டுக்கு வந்தாள். வராத விருந்தாளிகளுக்கென்று ஓர் அறையும், துணி காயப்போடும் உடற்பயிற்சி இயந்திரத்துக்கென்று ஓர் அறையும் இருந்த அந்த வீட்டில், பந்தடிக்கத் தோதான ஹாலின் நடுவில் நின்று ஆடிட்டர், "இடமே இல்லக்கா" என்றார். அவள் காபியைக் குடித்து முடித்து, "சரிடா" என்று சொல்லிவிட்டுப் போய், ஒரு டயர் கடையின் மாடியில் வாடகைக்கு அறை பிடித்துக்கொண்டாள். ஆடிட்டரின் மனைவி அன்றிலிருந்து அவரோடு தேவைக்கு மட்டும் பேசினாள். தேவையும் வரவரக் குறைந்துகொண்டே வந்தது.

ஆடிட்டர் கொத்தனாரைக் கூட்டிவந்து அறையை இடித்தார். செங்கல்லின் உட்புறம் வெண்டைக்காய்போலப் பச்சையாக இருந்தது. அடுத்த மழைக்கு அறை முன்னைவிட வாட்டசாட்டமாகத் துளிர்த்தது, கூடவே ஒரு குளியலறையும். நகராட்சி அதிகாரி வந்து அளந்து பார்த்துத் தலையைச் சொறிந்தார். கட்டிய அறையென்றால் இடிக்கச் சொல்லலாம், இது வளர்ந்த அறை, வளர்ந்ததெல்லாம் மரப் பிரிவுக்குத்தான் என்றார். மரப் பிரிவுக்காரர் சுவரில் நகத்தால் கீறிப் பார்த்தார். ஈரம் கசிந்தது. "உசிரோட இருக்குது சார். இனி கை வெச்சீங்கன்னா கேஸாயிடும்."

வெட்ட முடியாததைப் பயன்படுத்துவோம் என்று ஆடிட்டர் பழைய ஃபைல் கட்டுகளை உள்ளே அடுக்கினார். காலையில் அவை வாசலில் கிடந்தன. உடற்பயிற்சி இயந்திரத்தை உருட்டிக்கொண்டு போனார்; மதியத்துக்குள் அதையும் அறை துப்பிவிட்டது. என்னதான் வேண்டும் இதற்கு என்று ஆவேசமாக நுழைந்தவரின் நெற்றி நிலைப்படியில் மோதியது. அப்போதுதான் கவனித்தார். சுவிட்ச் அவர் இடுப்புக்கு இருந்தது. கொடிக்கம்பி தோளுக்கு இருந்தது. ஜன்னல் கொக்கியும் அப்படித்தான்.

"உங்க அக்காவுக்குக் கை எட்டுற உயரங்க" என்றாள் பின்னால் நின்ற மனைவி.

அக்காவை ஆஸ்பத்திரியில் எல்லோரும் குள்ளச் சிஸ்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். மருந்து பாட்டிலை மாட்டுவதற்கே ஒரு முக்காலியைக் காலால் தள்ளிக்கொண்டு வார்டு வார்டாக நடந்தவள் அவள். ஆடிட்டர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு வெகுநேரம் அந்த அறையிலேயே நின்றார். அறை அவரைத் துப்பவில்லை.

டயர் கடை மாடியில் அக்கா அவரை உட்காரச் சொல்லவில்லை. உட்கார அங்கே இடமும் இல்லை.

"வீட்டுல இப்ப ஒரு ரூம் இருக்குக்கா."

"கட்டினியா?"

"முளைச்சுது."

"கட்டினா செலவாகும்னு முளைக்க விட்டியாக்கும்."

அவர் மண்ணைப் பற்றிச் சொன்னார், கொத்தனாரைப் பற்றிச் சொன்னார், மரப் பிரிவின் சட்டத்தைக்கூட எடுத்துச் சொன்னார். அக்கா துணி மடித்துக்கொண்டே இருந்தாள். கீழே ஒரு டயர் வெடித்தது. அவள் கண் இமைக்கவில்லை. கடைசியில் ஆடிட்டரும் ஒரு துணியை எடுத்து மடிக்க ஆரம்பித்தார்.

"இடம் இருந்துச்சுக்கா. அப்பவும் இருந்துச்சு."

"தெரியும்டா. உன் ஹால்லதானே நின்னேன்" என்றாள் அக்கா. கடைசித் துணியையும் மடித்து வைத்தாள். "ரெண்டு பெட்டி இருக்கு. பெருசை நீ தூக்கு."

இதற்குள் பல் டாக்டரும் பொறுக்க முடியாமல் அதே மண்ணை வரவழைத்திருந்தார். அவர் வீட்டில் மாடிப்படி வைத்த பெரிய அறையாகவே முளைத்தது. முதியோர் இல்லத்திலிருந்த அவருடைய மாமனாரும் மாமியாரும் விஷயம் கேள்விப்பட்டு, ஆட்டோ பிடித்துத் தாங்களாகவே வந்து இறங்கினார்கள். அதன் பிறகு ஊரே உஷாரானது. மேல்மண் கடைக்குப் போன் செய்பவர்களெல்லாம் குரலைத் தாழ்த்தி, கொஞ்சம் சுமாரான மண் கிடைக்குமா என்று விசாரிக்க ஆரம்பித்தார்கள். சத்தில்லாத மண்ணுக்கு ஏக கிராக்கி. அந்தப் பெண்ணும் அதே தேன் குரலில், "கல்லு, கண்ணாடி எல்லாம் கலந்தது சார், ஒண்ணுமே வளராது, நான் கேரண்டி" என்று விற்றுக்கொண்டிருந்தாள்.

ஆடிட்டர் வீட்டில் இப்போது சமையலறையிலிருந்து மூன்று பேரின் பேச்சு கேட்கிறது; அதில் அவருடையதுதான் குறைவு. போன மழைக்கு அக்காவின் கட்டிலோரமாக ஓர் அலமாரி அரும்பியது. அதில் புடவைகளை வைப்பதா மருந்துகளை வைப்பதா என்று நாத்தனாருக்கும் தம்பி மனைவிக்கும் வாக்குவாதம் வந்தது. ஆடிட்டர் வந்து தடவிப் பார்த்து, தட்டுகள் இன்னும் பிஞ்சாக இருக்கின்றன, கதவு விட்டபிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார்.