வெரேதா என்று மட்டும் எழுதினேன்

1

இந்தக் கதை ஒற்றைப் பூட்ஸிலிருந்து பிறந்தது. இல்லை, அதற்கும் முன்னால் நான் செய்த முட்டாள்தனத்திலிருந்து.

"செராடோப் புல்வெளியின் மீது சூரியன் தன் பொற்கரங்களை..." (அடித்துவிட்டேன். எங்கள் செப்டம்பர் வெயிலை அனுபவித்தவன் இப்படி எழுதமாட்டான்.)

2

செராடோவில் மழைநீர் மேலே தங்காது. மண்ணுக்குள் இறங்கி, புரிச்சிப் பனைகள் நிற்கும் சதுப்பில்தான் மறுபடி தலைகாட்டும். அந்தச் சதுப்புதான் எங்களுக்கு வெரேதா. ஊரின் நாற்பது வீடுகளுக்கும் தண்ணீர் அதிலிருந்துதான்.

சோயா வயல்கள் அந்தச் சதுப்பை நெருங்கி வந்ததும் நகர அலுவலகத்துக்கு மனு எழுதினேன்: "எங்கள் வெரேதாவைப் பராமரித்துத் தாருங்கள்." நகரத்துக்காரர்களுக்கு வெரேதா என்றால் ஒற்றையடிப் பாதை. மண் கொட்டி அகலப்படுத்தித் தருவதாகப் பதில் வந்தது.

மாடு வளர்க்கும் சுல்மீரா கடிதத்தைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"எழுத்தாளரே, ஒரே வார்த்தையில ஊர் வாயில மண்ணள்ளிப் போட்டுட்டீங்களே!"

வெட்கமாக இருந்தது. இப்போதும் இருக்கிறது.

3

பாதைக்கு அளவெடுக்க நகர அலுவலகத்திலிருந்து வந்த ஒத்தாசிலியோவை வில்லனாக்கத்தான் நினைத்தேன். (மீசைகூட வைத்துவிட்டேன். ஆள் வந்ததும் சுல்மீராவின் நாயைக் கொஞ்ச ஆரம்பித்துவிட்டான். மீசையை எடுத்துவிட்டேன்.)

"பாதை எங்கம்மா?"

"அதோ, பனை வரிசை தெரியுதுல்ல? அதான். நடங்க சார்."

"புல்லு நல்லா சமமாத்தான் இருக்கு" என்றபடி நாலு எட்டு வைத்தான். ஐந்தாவதில் இடுப்புவரை இறங்கிவிட்டான்.

"என்ன சார், பாதை கொஞ்சம் ஆழமோ?"

"அம்மா தாயே, கயிறப் போடுங்க!"

மாட்டுக் கயிற்றால் இழுத்தோம். இடது பூட்ஸ் வரவில்லை. சேற்றோடு உட்கார்ந்து அவன்தான் முதலில் சிரித்தான். புரிச்சிப் பழ மிட்டாயைத் தின்றுகொண்டே வரைபடத்தில் பாதை என்று போட்டிருந்த புள்ளிக்கோட்டை அழித்தான்.

"நான் அழிச்சா போதாதும்மா. ஆழத்துக்கு அத்தாட்சி கேப்பாங்க."

சுல்மீரா யோசிக்கவே இல்லை. "அந்த வலது பூட்ஸக் கழட்டுங்க."

4

முடிவு அ: உத்தரவு ரத்தாகிறது, பனைகளில் கிளிகள்... (ரொம்பத் தித்திப்பு.)

முடிவு ஆ: மண் லாரி வருகிறது, சதுப்பு... (எழுதமாட்டேன்.)

நடந்தது இவ்வளவுதான்: சேறு காயாத வலது பூட்ஸைப் பெட்டியில் வைத்து, "இதன் ஜோடி உங்கள் பாதைக்குள் இருக்கிறது" என்று சீட்டெழுதி நகர அலுவலகத்துக்கு அனுப்பினோம். தபால்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டார். ஊரே சிரித்தது.

அந்தப் பெட்டியைப் பிரிப்பவர் நீங்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பேனா உங்கள் கையில் இருக்கிறது, பதிலை எழுதுங்கள். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்: என்னைப் போல வெரேதா என்று மட்டும் எழுதிவிட்டு நிறுத்திவிடாதீர்கள்.