எலிக்கே இன்னும் போகாத மருந்து

“அப்போ செவப்பாத்தான் போகுதுங்கறே?”

“ஆமாக்கா. நான் ஒண்ணுக்குப் போற கலரெல்லாம் உனக்கு எதுக்கு?”

“நீ தண்ணி ஊத்தாம வந்த பாத்ரூமுக்குள்ள அடுத்து நான்தானே போனேன்? வெறும் தண்ணி மாதிரி இருக்கு.”

தம்பி இருமினான். அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். ஆய்வகத்திலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வந்த கால் விண்விண்ணென்றது. காசநோய்க்கு அவன் சாப்பிடும் அந்தச் செங்கல் நிற மருந்தோடுதான் நான்கு வருடமாக ஆய்வகத்தில் அவளும் மல்லுக்கட்டுகிறாள். அது உள்ளே போனால் மூத்திரம் சிவந்துதான் ஆகவேண்டும். தலையணைக்கு அடியில் கையை விட்டாள். மாத்திரை அட்டைகள், ஒன்றுகூடப் பிரிக்காமல்.

“எத்தனை நாளா?”

“பதினாறு.”

“ஏன்டா?”

“நீதானே சொன்னே? கண்ணுக்கே தெரியாத துகளுக்குள்ள மருந்தை அடைச்சு வெச்சுட்டா ஒரே இழுப்புல நேரா நுரையீரலுக்குப் போயிடும், வாரத்துக்கு ஒரு தடவை போதும்னு. அது வர்ற வரைக்கும் தினமும் எதுக்கு வாந்தி எடுக்கணும்னு விட்டுட்டேன்.”

சொன்னதென்னவோ உண்மைதான். துகள்கள் முதன்முதலாகச் சரியான அளவில் வந்த அன்று, சாப்பாட்டுத் தட்டின் முன்னால் வாய் ஓயாமல் அளந்தாள். அதை எலிக்குக்கூட இன்னும் கொடுத்துப் பார்க்கவில்லை என்பதை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டாள்.

“உறையவெச்சு உலர்த்தறதுக்கு முன்னாடி அந்தத் துகளோட சர்க்கரை சேர்க்கணும்டா. அசதியில மறந்துட்டேன். இன்னைக்குத் திறந்து பார்த்தா எல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக் கட்டியாக் கெடக்கு. மூணு மாச வேலை. எலிக்குப் போகவே அடுத்த வருஷம் ஆயிடும். மனுஷனுக்கு வர்றதுக்குள்ள நான் கிழவியாயிடுவேன்.”

“எலிக்கு வந்த வாழ்வைப் பாரேன்.”

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. மருந்தை விட்டு விட்டுச் சாப்பிட்டால் கிருமி அதற்குப் பழகிவிடும். அப்புறம் எவ்வளவு சின்னத் துகளுக்குள் அடைத்துக் கொடுத்தாலும் மசியாது. அவனுடைய கிருமி இந்நேரம் பழகியிருக்குமோ என்னவோ, அவளுக்குத் தெரியாது.

அட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி அவன் மடியில் வைத்தாள்.

“நாளைக்குக் காலையில என்கூட டாக்டர்கிட்ட வா. பதினாறு நாள்னு உன் வாயாலயே சொல்லு. மறுபடி முதல்லேர்ந்து சாப்பிடணும்னு சொன்னாலும் மாட்டேன்னு சொல்லாதே. வர்றியாடா?”