ஹேரானின் கைகள்

சியோலின் தேரிம் கடைத்தெருவில் ஆட்டுக்கறியைக் கம்பியில் கோத்துச் சுட்டு விற்பவள் ஹேரான். தாத்தா காலத்தில் பிழைப்புத் தேடிச் சீனாவுக்குப் போன கொரியக் குடும்பம் அவளுடையது. அவள் சியோலுக்கு வந்து பதினோரு வருடமாகியும் பேச்சில் பிறந்த ஊரின் வாடை போகவில்லை. அந்தத் தெருவில் முக்கால்வாசிப் பேர் அவளைப் போலச் சீனாவிலிருந்து வந்தவர்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை தொலைக்காட்சிக்காரர்கள் கேமராவோடு வந்தார்கள்.

"உங்க தெரு சாப்பாட்டப் பத்தி ஒரு நிகழ்ச்சி அக்கா. நீங்க கறி வெட்டற வேகத்தப் படம் பிடிக்கணும்," என்றான் நிருபர்.

ஹேரானுக்கு வாயெல்லாம் பல். "வெட்டிட்டாப் போச்சு தம்பி. ஆனா சாப்பிடாமக் கிளம்பினா விடமாட்டேன்!"

பெரிய கத்தியைத் தீட்டினாள். இன்னும் வேகமாக என்றார்கள், வெட்டினாள்.

ஆறாம் வகுப்புப் படிக்கும் அவள் மகள் தான்பி, "எங்கம்மா டிவில வர்றாங்க!" என்று வகுப்பு முழுக்கச் சொல்லிவைத்தாள்.

வெள்ளிக்கிழமை மாலை இருவரும் கடையை மூடிவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்தார்கள். 'பயத்தில் ஒரு தெரு' என்று எழுத்து ஓடியது. போன வாரம் வேறெங்கோ நடந்த ஒரு கத்திக்குத்துக் கொலையைப் பற்றிய செய்தி அது; செய்தவன் சீனாவிலிருந்து வந்தவனாக இருக்கலாம் என்றார்கள். திகிலூட்டும் இசை. ஹேரானின் கைகளும் கத்தியும் மெதுவாக ஏறி இறங்கின. முகத்தை மங்கலாக்கியிருந்தார்கள். சிரிப்பை வெட்டிவிட்டார்கள். "இங்கே கத்தி இல்லாத கை இல்லை," என்றது ஒரு குரல்.

தான்பியின் போன் விடாமல் அதிர்ந்தது. அவள் அதைக் கவிழ்த்து வைத்தாள்.

மறுநாள் ஹேரான் தொலைக்காட்சி நிலையத்துக்குப் போன் செய்தாள்.

"முகத்த மறைச்சிருக்கோம், பேரும் சொல்லல. அப்புறம் என்னம்மா பிரச்சினை?"

"என் பொண்ணு ஸ்கூல்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டாய்யா."

"அதுக்கு நாங்க என்ன பண்ண முடியும்?"

பத்து நாளில் கொலைகாரன் பிடிபட்டான். சியோலிலேயே பிறந்து வளர்ந்தவன். அதை இரண்டு வரியில் வாசித்து முடித்தார்கள்.

பள்ளியில் தான்பி கத்தரிக்கோலை எடுத்தாலே பிள்ளைகள் கையைத் தூக்கினார்கள். "ஐயோ, வெட்டிராதடீ சீனாக்காரி!" மூன்றாவது தடவை அவள் புத்தகப்பையைக்கூட எடுக்காமல் வீட்டுக்கு ஓடிவந்தாள். அதன் பிறகு எவ்வளவு கெஞ்சியும் அந்தப் பள்ளிக்குப் போகவில்லை.

ஆற்றுக்கு அக்கரையில் வேறு பள்ளி கிடைத்தது. முதல் நாள் பேருந்தில் ஹேரான், "பயமா இருக்கா கண்ணு?" என்று கேட்டாள்.

தான்பி அவள் கையை அழுத்தினாள். "பேசாதம்மா. நீ வாயத் தொறந்தா தெரிஞ்சிரும்."

ஹேரான் அதன் பிறகு பேசவில்லை.

வாசலில் புது ஆசிரியை அன்பாக வரவேற்றாள். ஹேரான் குனிந்து வணங்கினாள். வீடு எங்கே, வழி சுலபமா என்று ஆசிரியை கேட்டதற்கெல்லாம் புன்னகைத்தாள். ஆசிரியை தான்பியின் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"அம்மாவுக்குப் பேச வராதாம்மா?"

தான்பி தரையைப் பார்த்தாள். "ஆமா டீச்சர்."

ஆசிரியையின் முகம் இளகியது. ஹேரானின் கையைப் பிடித்து, "பிள்ளைய நான் பாத்துக்கறேன்," என்று வாயசைவு புரியும்படி நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

ஹேரான் தலையை ஆட்டினாள். மகள் உள்ளே போய் மறையும்வரை நின்றாள். பிறகு பேருந்துக்குக் காத்திராமல் பாலத்தின் மேல் நடக்கத் தொடங்கினாள். பாதி தூரத்தில் நின்றாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு, மகளின் பெயரைத் தன் ஊர்ப் பேச்சில் ஒரு தடவை உரக்கச் சொன்னாள்.